நாள்காட்டித் தாளின் பின்பக்கம்: நடத்தைப் பயிற்சியில் பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு 11 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள். அன்றிலிருந்து நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்று வாரம் முழுவதும் ஓட்டம்தான். பயிற்சி மையத்துக்கு உள்ளே பிள்ளைகள் 45 நிமிடம் இருக்கும்போது வெளியே பெஞ்சில் நாங்கள் காத்திருப்போம். எட்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், புதிதாக வரும் அம்மாக்கள் தெரபிஸ்டைக் கேட்கத் தயங்குவதையெல்லாம் நம்மிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்டவைதான் இவை. நான் தெரபிஸ்ட் அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். பதில்களில் அந்தப் புத்தி கொஞ்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக எழுதிவைக்க வேண்டும்? பெற்ற தாய்க்குப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. நேற்று இரவு கத்தியது மட்டும் நினைவில் நிற்கும். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்தினான் என்பது மறந்துபோயிருக்கும். பெஞ்சில் ஒரு நாள் ஓர் அம்மா, "எதுவுமே மாறவில்லை, பணம்தான் கரைகிறது" என்று அழுதார். அவருடைய நோட்டையே வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினோம். சித்திரையில் மகள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தது இரண்டு நிமிடம். ஆவணியில் ஒன்பது நிமிடம். அதை எழுதியவரே அவர்தான், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. இந்தக் கணக்கு பிள்ளைக்குப் போடும் மார்க் என்று பலரும் நினைக்கிறார்கள். சங்கத்தில் தணிக்கைக்கு வருகிறவர் கடன் வாங்கிய விவசாயியைத் தணிக்கை செய்வதில்லை. எங்கள் புத்தகத்தைத்தான் செய்வார். அதே மாதிரி இங்கே தணிக்கைக்கு உட்படுவது நாமும் தெரபிஸ்டும் போட்ட திட்டம். எண்கள் மூன்று வாரம் அசையாமல் கிடந்தால் திட்டத்தில்தான் ஓட்டை. பிள்ளையைக் குற்றம் சொல்ல அந்தத் தாளில் இடமே கிடையாது.

எதை எழுதுவது? அவன் செய்வதெல்லாம் பிரச்சினையாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. அதிகம் போனால் இரண்டு. குறைய வேண்டிய ஒன்று, கூட வேண்டிய ஒன்று என்று வைத்துக்கொண்டால் மனசுக்கும் நல்லது.

எழுதுவது கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். "அடம்" என்று எழுதினால் எண்ண முடியாது. எனக்கு அடமாகத் தெரிவது என் மாமியாருக்குச் செல்லமாகத் தெரியும். "தரையில் படுத்துக் காலை உதைப்பது" என்று எழுதுங்கள், வீட்டில் யார் பார்த்தாலும் ஒரே எண் வரும். "சொன்ன பேச்சைக் கேட்பது" என்பதும் உதவாது. "வா என்று கூப்பிட்டால் ஐந்து எண்ணுவதற்குள் திரும்பிப் பார்ப்பது" என்றால் சரி.

பயிற்சி தொடங்கிய அன்றே எழுத ஆரம்பிக்கலாமா?

அதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். எதையும் மாற்றாமல், வழக்கம்போல் இருந்துகொண்டு, சும்மா எண்ணுங்கள். அதுதான் தொடக்கக் கணக்கு. தெரபிஸ்டுகள் பேஸ்லைன் என்பார்கள். முதல் நாள் இருப்புத் தொகை தெரியாத கணக்கில் லாபமா நட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு வேலை, சமையல், மூத்தவள் படிப்பு. பேனாவும் நோட்டுமாக அவன் பின்னால் எப்படித் திரிவது?

திரிய வேண்டாம். இடுப்பில் ஒரு புளியங்கொட்டைப் பொட்டலம் போதும். காலையில் இருபது கொட்டையை வலப்பக்கம் முடிந்துகொள்வேன் (நைட்டியாக இருந்தால் வலது பை). ஒரு முறை கையைக் கடித்தால் ஒரு கொட்டை இடப்பக்கம் போகும். இரவு இடப்பக்கம் இருப்பதை எண்ணினால் அன்றைய கணக்கு. அலைபேசியில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டில் அலைபேசியைக் கையில் எடுத்தாலே அவன் பிடுங்குவான், ஆகையால் புளியங்கொட்டைதான்.

எழுதுவதற்குத் தினசரி நாள்காட்டி. சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் கிழிக்கும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ராசிபலனைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில் எண்ணை எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவேன். தேதி தனியாக எழுத வேண்டாம், முன்பக்கமே இருக்கிறது. அமாவாசை, நவமி, திருவிழா எல்லாம் அச்சிட்டிருப்பதால் கூடுதல் லாபம் ஒன்று: வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஏன் எண்கள் எகிறின என்று பிறகு யோசிக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் அந்தப் பத்து நாள் கூட்டத்திலும் ஒலிபெருக்கியிலும் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரே அழுகை முக்கால் மணி நேரம் நீடிக்கும் பிள்ளைக்கு "ஒரு முறை" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அங்கே எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். சொன்ன பிறகு தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது வேறு கணக்கு. நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பதென்றால் ஏதாவது ஓர் அரை மணி நேரத்தைத் தேர்ந்து அதில் மட்டும் எண்ணுங்கள். தினமும் அதே அரை மணியாக இருக்கட்டும்.

ஏபிசி பதிவு எழுதச் சொல்கிறார்கள். அது என்ன?

முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது என்ற மூன்று கட்டம். ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்களின் முதலெழுத்து ஏ, பி, சி. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் இதுதான். ஆனால் நேர்மையாக எழுதினால் கொஞ்சம் வலிக்கும். எனக்கு வலித்தது.

அவனுக்கு ஐந்து வயதில் சாயங்காலம் ஆனால் கையைக் கடித்துக்கொள்வான். பசியா, தூக்கமா, நேரம் சரியில்லையா என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியார் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழித்தார். தெரபிஸ்ட் கேட்டதால் இரண்டு வாரம் மூன்று கட்டம் எழுதினேன். ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், நாளிருப்பு நேராகவில்லை என்று. நான் பேசிக்கொண்டே நடப்பேன். அவன் கையைக் கடிப்பான். நான் பேச்சை நிறுத்தாமல் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கைக் கொடுப்பேன். முன்னால்: அம்மா போனில். அவன் செய்தது: கையைக் கடித்தான். பின்னால்: முறுக்கு. 14 பதிவில் 11 பதிவு அச்சடித்ததுபோல் இதேதான். முறுக்கு கொடுத்து அதைப் பழக்கியதே நான்தான்.

பிள்ளைகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும் என்பார்கள்: நம் கவனம் வேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது உடம்புக்கு அந்த உணர்வே தேவைப்படுகிறது. நான்காவதற்கு நாம் அருகில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். எது என்று தெரியாமல் தடுக்கப் போனால் வேறு வழியில் வெடிக்கும். எங்களுக்கு அது கவனமும் முறுக்கும் சேர்ந்த கலவை. முறுக்குப் படம் ஒட்டிய ஓர் அட்டையை என் கையில் வைத்தால் முறுக்கு வரும் என்று கற்றுக்கொடுத்தோம். போனில் இருந்தாலும் அட்டைக்கு உடனே பதில், கடிக்கு இல்லை.

சரி, அப்படிச் செய்ததும் குறைந்ததா? எங்கள் வீட்டில் பயிற்சி தொடங்கியதும் கூடிவிட்டது.

எங்களுக்கும் முதலில் கூடியது. லிஃப்ட் வராவிட்டால் அதே பொத்தானை நாலு தடவை அழுத்துகிறோமே, அதுதான். நேற்று வரை பலித்த வழி இன்று பலிக்காவிட்டால் இன்னும் ஓங்கி முயல்வது மனித இயல்பு. இந்த ஏற்றம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் மனம் தளர்ந்து முறுக்கை நீட்ட மாட்டோம். நீட்டினால், இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். பத்தாம் நாளுக்கு மேல் எங்கள் தாள்களில் எண்கள் இறங்கத் தொடங்கின. இரண்டாம் மாதம் வெறும் சைபர் எழுதிய தாள்கள் வந்தன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தலையைச் சுவரில் மோதுவது, இரத்தம் வரும் அளவு கடிப்பது போன்றவற்றில் "கண்டுகொள்ளாமல் விடு" என்று யார் சொன்னாலும் வீட்டில் தனியாக முயலாதீர்கள். தெரபிஸ்டும் மருத்துவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டிய இடம் அது. மாற்று வழி கற்றுத்தராமல் பழைய வழியை மட்டும் அடைப்பதும் கூடாது. வாய் பேசாத பிள்ளைக்கு அந்தக் கடிதான் மொழியாக இருந்தது.

ஒரு வருடமாகக் கை கழுவக் கற்றுத்தருகிறோம். இன்னும் தானாகச் செய்யவில்லை. இதில் முன்னேற்றம் என்று எதை எழுதுவது?

முன்னேற்றம் பதுங்கி இருப்பதே இங்கேதான். செய்தான், செய்யவில்லை என்று இரண்டே கட்டம் வைத்தால் ஒரு வருடம் "செய்யவில்லை" என்றே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கை கழுவுவதை ஏழாகப் பிரித்தோம்: குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பு எடுப்பது, தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று ஓரெழுத்து. கைபிடித்துச் செய்யவைத்தால் "கை". முழங்கையை லேசாகத் தொட்டால் போதுமென்றால் "தொ". சைகை காட்டினால் "சை". சொன்னால் போதுமென்றால் "சொ". தானாகச் செய்தால் "தா". ஜூன் மாதத் தாள் ஒன்று இப்படி இருக்கிறது: கை, கை, கை, கை, கை, கை, கை. அதே வருடம் அக்டோபரில்: தா, தா, சை, தொ, தா, கை, சொ. இரண்டு மாதத்திலும் அவன் "தானாகக் கை கழுவவில்லை". ஆனால் இந்த இரண்டு வரியும் ஒன்றா?

ஆறாவது எழுத்தைப் பாருங்கள். குழாயை மூடுவது மட்டும் "கை" என்றே நின்றது, மார்கழி வரை. அவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஓடும் தண்ணீரை அவனே எப்படி நிறுத்துவான்? தெரபிஸ்ட் தாள்களைப் பரப்பிப் பார்த்துவிட்டுக் குழாயையே திட்டத்திலிருந்து தூக்கினார். வாளியும் குவளையும் வைத்தோம். குவளை காலியானால் தண்ணீர் தானே முடிந்துவிடும், யாரும் நிறுத்த வேண்டாம். பொங்கலுக்குள் ஏழில் ஆறு "தா". பிறகு, அவனுடைய ஏழு வயதில், சண்டையில்லாமல் குழாய்க்கே திரும்பினோம். எழுத்துகள் இல்லாவிட்டால் "பையன் மக்கு" என்று முடித்திருப்போம்.

சட்டை, டவுசர் போன்றவற்றில் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுத்தருவது நல்லது. முட்டி வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளை செய்யட்டும். முடித்தேன் என்ற திருப்தி முதல் நாளே கிடைத்துவிடும்.

மையத்தில் 80 சதவீதம் என்கிறார்கள். வீட்டில் ஒன்றும் செய்வதில்லை. பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. பத்து வாய்ப்பில் எட்டில், தொடர்ந்து சில நாள், உதவியில்லாமல் செய்தால் "கற்றுவிட்டான்" என்று குறிப்பது பல மையங்களில் வழக்கம். ஆனால் அந்த எட்டும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே மிஸ்ஸிடம் வந்தவையாக இருக்கலாம். சிவப்புப் பந்தைக் காட்டி "பந்து" என்று கற்ற பிள்ளைக்குத் தெருவில் உருளும் ரப்பர் பந்து வேறு ஜந்து. வேறு ஆள், வேறு இடம், வேறு பொருள் மூன்றிலும் சோதித்தீர்களா என்று கேளுங்கள். நான் வீட்டுக் கணக்கில் தாத்தாவிடம், மாடியில், கடையில் என்று தனித்தனியாகக் குறிப்பேன். தாத்தாவிடம் வந்துவிட்டால் உண்மையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் அவர் கேட்கும் விதத்தில் பெரியவர்களுக்கே எதுவும் புரியாது.

மருத்துவச் சான்றிதழில் உள்ள எண் ஒவ்வொரு வருடமும் குறைய வேண்டுமா?

இந்தக் குழப்பம் பெஞ்சில் வாரம் ஒரு முறை வரும். ஆட்டிசச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோல் 40 கேள்விகள் கொண்டது, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. அதற்கு மேல் தீவிரமானது. எண் ஏறினால் சிரமம் அதிகம் என்று பொருள், தேர்வு மார்க் போலப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. பிள்ளைக்கு எந்த அளவு ஆதரவு தேவை என்று மேலோட்டமாகச் சொல்லும் கருவி அது. குவளையில் கை கழுவியதெல்லாம் அதில் தெரியாது.

படிப்படியான வளர்ச்சியைப் பார்க்க வேறு பட்டியல்கள் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகச் சென்னையில் உருவான ஒன்று மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். 18 பகுதி, பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம் என்று நம் வீட்டு வாழ்க்கையே அதில் இருக்கிறது. உங்கள் சிறப்பு ஆசிரியரிடம் இதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போதே அவருக்கு, சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

ஒன்றைச் சாதித்தால் எப்படிக் கொண்டாடுவது? கேக் வெட்டினோம், அழுதுவிட்டான்.

நாங்களும் வெட்டியிருக்கிறோம். முதன்முதலாகத் தானாகச் செருப்பு மாட்டிய அன்று வீட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓவென்று கைதட்டினார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அடுத்த இரண்டு வாரம் செருப்பைத் தொடவில்லை. அவன் பார்வையில் யோசித்தால் நியாயம்தான்: செருப்பைப் போட்டால் இடி விழுகிறது.

கொண்டாட்டம் அவனுடைய நாணயத்தில் இருக்க வேண்டும். என் மகனுக்குப் பிடித்தது பஸ். ஸ்ரீரங்கத்தில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது. பாலத்தில் ஏறியதும் நெற்றியைச் சன்னல் கம்பியில் வைத்துக்கொள்வான். யாரும் பேசக் கூடாது. இறங்கும்போது டிக்கெட் அவன் கையில். அவ்வளவுதான் விழா. பெஞ்சில் இருக்கும் இன்னொரு பையனுக்கு மிக்ஸி மூடியைச் சுற்றிவிட்டுப் பார்ப்பது. ஒரு பெண்ணுக்குப் போர்வையால் இறுக்கிச் சுற்றி உருட்டுவது. ஊருக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் விழா ஊருக்காக எடுப்பதல்ல.

அன்றாடம் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது. செய்த உடனே, சில நொடிக்குள், செய்ததையே சொல்லுங்கள். "குட் பாய்" என்றால் எதற்கென்று தெரியாது. "துண்டை மாட்டிவிட்டாய்" என்றால் தெரியும். குரல் தணிந்தே இருக்கட்டும். பஸ் பயணம் சாயங்காலம்தான் என்றால், காலையில் பஸ் படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன். காரியத்துக்கும் பரிசுக்கும் நடுவில் அது பாலம்.

ஸ்டார் ஒட்டுவது, சாக்லேட் கொடுப்பது லஞ்சம் ஆகாதா?

அவன் கத்திக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்காகக் கொடுத்தால் லஞ்சம். முன்பே பேசி, செய்து முடித்த பிறகு கொடுத்தால் கூலி. "பல் தேய்த்தால்தான் காபி" என்று நம் பாட்டிகள் சொன்னதை, பிடித்ததைப் பிடிக்காததற்குப் பின்னால் வைக்கும் விதி என்று டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் எழுதினார். அமெரிக்காவிலேயே அதற்குப் பாட்டி விதி என்றுதான் செல்லப் பெயர்.

ஆனால் ஸ்டாரை எல்லாவற்றுக்கும் ஒட்டாதீர்கள். 1973-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகளுக்கு வரையும் ஆசை குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. அதனால் அவன் தானே விரும்பிச் செய்வதில் கூலியை நுழைக்காதீர்கள். மற்றவற்றிலும் பழகப் பழகக் கூலியை இடைவெளி விட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சாக்லேட்டை நான் ஒரு வருடத்தில் நிறுத்தினேன். பல் டாக்டர் சொன்னதும் ஒரு காரணம்.

சொந்தக்காரர்கள் "இன்னும் பேசவில்லையா?" என்கிறார்கள். என்ன சொல்வது?

நான் "சாப்பிட்டீர்களா பெரியம்மா?" என்று கேட்டுவிடுவேன். கல்யாண மண்டபத்தில் அதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

வீட்டுக்குள் இருப்பவர்கள் விஷயம் வேறு. அவர்களை எண்ண வையுங்கள். என் மாமியார், "இவன் வயசில் இவன் அப்பா ராமாயணம் சொல்வான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஒரு மாதம் புளியங்கொட்டையை அவர் மடியில் கட்டிவிட்டேன். அதன் பிறகு, "நேற்று ஆறு, இன்று நாலுதானடி" என்று எனக்கு முன்பே கணக்குச் சொன்னார். பேரனை நேற்றைய பேரனோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூத்தவளுக்கும் ஒரு தாள் வையுங்கள். தம்பி செருப்பு மாட்டினால் பஸ், இவள் கணக்கில் நூறு வாங்கினால் ஒன்றுமில்லை என்றால் அது நியாயமா? ஒரு நாள் அவளே என்னைக் கேட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் இப்போது அவளுடையது.

மூன்று மாதமாக எண்கள் அப்படியே நிற்கின்றன. நிறுத்திவிடலாமா?

முதலில் உடம்பைப் பாருங்கள். தூக்கம், மலச்சிக்கல், பல்வலி, காது, மாற்றிய மருந்து. சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வயிற்றுவலி கத்தலாகத்தான் வரும். முன்பு செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று இழந்தால், பேசிய சொற்கள் போய்விட்டால், தெரபிஸ்டை அல்ல, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

உடம்பு சரியென்றால் தாள்களை எடுத்துக்கொண்டு தெரபிஸ்ட் முன்னால் உட்காருங்கள். படி பெரிதா, பரிசு அலுத்துவிட்டதா, இலக்கே தேவையில்லாததா? மூன்று மாதம் காத்திருந்ததே அதிகம்; மூன்று வாரம் அசையாவிட்டால் கேட்கலாம். ஒரு மையத்தில் நாங்கள் அப்படிக் கேட்டபோது, "உங்கள் பையன் ஒத்துழைப்பதில்லை" என்று பதில் வந்தது. அந்த மாதத்தோடு அங்கே போவதை நிறுத்தினோம்.

தனியார் மையம் கட்டுப்படியாகாதவர்கள் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் சேரும்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இந்தப் பயிற்சியையே எதிர்க்கிறார்களே?

அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்த நடத்தைப் பயிற்சி முறைக்கு ஏ.பி.ஏ. (அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ்) என்று பெயர். 1987-இல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வுதான் இதைப் பிரபலமாக்கியது: வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள் என்றது. எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை என்ற குறை அதில் உண்டு. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும் இருந்தன. இன்று எந்த மையத்திலாவது அடி, கிள்ளல், இருட்டறை என்று ஏதாவது தெரிந்தால் அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

எங்கள் தாள்களில் இல்லாத இரண்டு இலக்குகள் உண்டு. ஒன்று, கண்ணைப் பார்த்துப் பேசுவது. ஆரம்பத்தில் அதை ஆறு மாதம் எண்ணினேன். முகவாயைப் பிடித்துத் திருப்பும்போது அவன் உடம்பு விறைப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். இன்னொன்று, கையை உதறுவது. சந்தோஷத்தில் அவன் கையை உதறுவான். யாருக்கு என்ன நட்டம்? எந்த இலக்கையும் எழுதுவதற்கு முன்னால், இது நடந்தால் அவன் வாழ்க்கை லேசாகுமா, அல்லது பார்க்கிறவர்களின் சங்கடம் மட்டும் குறையுமா என்று கேட்டுக்கொள்வேன். பயிற்சிக்கு உள்ளே போகும்போது ஓடுகிறானா, இழுத்துப் போக வேண்டியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். வாசலில் அழுவதும் கணக்கில் வர வேண்டும்.

அவன் சாதித்ததை வீடியோ எடுத்துக் குழுவில் போடலாமா?

தெரபிஸ்டுக்கு அனுப்புங்கள். ஊருக்கு வேண்டாம். பதினெட்டு வயதில் அவன் பார்க்கப்போகும் வீடியோ அது.

எழுதுவதை எப்போது நிறுத்துவது? பழைய தாள்களை என்ன செய்வது?

ஒன்று நன்றாகப் படிந்த பிறகு தினமும் எண்ண வேண்டாம். மாதம் ஒரு நாள் பார்த்தால் போதும், மறந்துவிடவில்லையே என்று. உங்களுக்கு அலுத்துவிட்டால் இரண்டு வாரம் விடுமுறை எடுங்கள், ஒன்றும் முழுகிவிடாது. புதுப் பள்ளி, புது மருத்துவர் என்று வரும்போது பழைய கணக்கு கைகொடுக்கும். ஆகையால் மாதக் கடைசியில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அதை மட்டும் கோப்பில் வைக்கிறேன். தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டிருக்கிறேன். போகிக்குப் போட்டுவிடலாமா என்று மாமியார் கேட்டார், மனசு வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நாள்காட்டி கிழிக்கும் வேலை அவனுடையது. யாரும் கற்றுத்தரவில்லை, என்னைப் பார்த்தே எடுத்துக்கொண்டான். காலை ஐந்தரைக்கு எழுந்து, முதல் காரியமாக ஸ்டூலைப் போட்டு ஏறிக் கிழித்து, என் தலையணை அருகில் வைத்துவிடுவான். சில நாள் சத்தம் பிடித்துப்போய் நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறான். அந்த வாரக் கணக்குகளில் என்னிடம் தேதி ஒரு நாள் முந்தியே இருக்கும். தெரபிஸ்டிடம் அதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.